புதுப்பிப்பு: மேப்பிள் கிட்டாருக்கு நீலமா, தேன்நிறமா?

கிட்டாருக்கான, அலையலையான ரேகைகள் கொண்ட மேப்பிள் மரப் பலகைக்கு எந்த நிறம் பூசலாம் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பலரும் நீலம் என்றீர்கள். நான் தேன்நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

அதே பலகையின் வெட்டுத்துண்டுகளில் இரண்டையும் பூசிப் பார்த்தேன். நீலம் அழகுதான். ஆனால் நிறத்தின்மேல் கடைசியாக அடிக்கும் ஒளிபுகும் பூச்சான நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் நாளாக நாளாக மஞ்சளாகும்; அதன் அடியில் நீலம் பச்சைக்குத் திரும்பிவிடும். எனக்கு அது பொறுக்காது.

முதலில் கறுப்புச் சாயம் பூசி, உலர்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன். நார் வளைந்து மேல்நோக்கும் இடங்களில் மட்டும் கறுப்பு ஆழமாக இறங்கித் தங்கியது. அதன்மேல் தேன்நிறம் ஏறியதும், பலகையைச் சாய்க்கச் சாய்க்க ரேகைகள் புலிவரிபோல் நகர்ந்தன! இன்னும் கண் எடுக்க முடியவில்லை.

பினாங்கில் இப்போது மழை. ஈரக்காற்றில் லாக்கர் அடித்தால் வெண்படலம் படரும். வெயிலுக்காகக் காத்திருக்கிறேன்.