டெப்ரிகேட் என்றால் மதிப்பைக் குறைப்பதா?

ராணிப்பேட்டை கணக்கர்:
வணக்கம். சிப்காட் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் பத்து வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். போன வாரம் எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து மெயில் வந்தது. லாட் நம்பர் (எந்தத் தொகுதிச் சரக்கு என்று காட்டும் எண்) இல்லாமல் சாம்பிள் அனுப்பும் பழக்கத்தை 'டெப்ரிகேட்' செய்கிறார்களாம். மெஷின் தேய்மானத்துக்கு நாங்கள் எழுதுகிற டிப்ரிசியேஷன்தான் எனக்கு நினைவு வந்தது. சாம்பிளின் மதிப்பைக் குறைக்கிறார்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். விலையில் கை வைக்கப் போகிறார்கள் என்று மனுஷன் அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை. அகராதியில் 'கண்டனம் செய்' என்று இருக்கிறது. அவ்வளவு கோபமா? பதில் எழுத வேண்டும், உதவுங்கள்.

சத்துவாச்சாரி ஸ்டெனோ:
தம்பி, முதலில் அவரிடம் போய், விலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

இரண்டும் வேறு வேறு சொல். கோர்ட்டில் முப்பது வருஷம் ஸ்டெனோவாக இருந்தவன் நான். 'வீ டெப்ரிகேட் திஸ் ப்ராக்டிஸ்' என்று தீர்ப்புகளில் அடிக்கடி வரும். அந்த வரிக்கு அபராதம், தண்டனை எதுவும் கிடையாது. இந்தப் பழக்கம் சரியில்லை, இனி வேண்டாம் என்று பதிவு செய்வது, அவ்வளவுதான். டெப்ரிகேட்டில் அழுத்தம் முதல் அசையில்; டிப்ரீஷியேட்டில் 'ப்ரீ' என்ற இடத்தில். காதால் அதைப் பிடித்துத்தான் எழுதுவோம்.

லத்தீனில் 'ப்ரெகாரி' என்றால் வேண்டிக்கொள்வது. முன்னால் 'டே' சேர்ந்தால், தீங்கு விலகிப் போகட்டும் என்று வேண்டுவது. ஆடி மாதம் கூழ் ஊற்றி, அம்மை நோய் வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று மாரியம்மனிடம் நம் ஊர்ப் பெண்கள் வேண்டுகிறார்களே, ஏறக்குறைய அந்தப் பொருளில்தான் 17-ம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் இந்தச் சொல் வழங்கியது. கடவுளிடம் சொன்ன 'வேண்டாம்', பிறகு மனிதரிடம் சொல்வதாக மாறிவிட்டது. தமிழில் 'வேண்டுகிறேன்', 'வேண்டாம்' இரண்டும் ஒரே வேர்தான். இந்தச் சொல்லுக்கு 'வேண்டாம்' போலப் பொருந்துவது எனக்கு வேறு தெரியவில்லை.

டிப்ரீஷியேட்டின் வேர் 'ப்ரெட்டியம்', அதாவது விலை. உங்கள் தேய்மானம் அங்கிருந்து வந்தது. கண்டனம் என்பது கன்டெம். அது ரொம்பக் கடுமை.

காட்பாடி டெவலப்பர்:
கம்ப்யூட்டரிலும் இதே பொருள்தான். வெப் பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் 1997-ல் வந்த 4-ம் பதிப்பு, எழுத்துகளை நடுவில் நிறுத்தும் 'சென்டர்' என்ற டேகை (குறியை) டெப்ரிகேட் செய்தது. இன்றைக்கும் ப்ரௌசரில் அது ஓடும், புதிதாக எழுதும்போதுதான் சேர்க்கக் கூடாது. இதை 'நீக்கப்பட்டது' என்று மொழிபெயர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஐயா, அப்படியானால் 'செல்ஃப் டெப்ரிகேட்டிங்'? அது தன்னைத் தானே தாழ்த்திப் பேசுவதுதானே?

சத்துவாச்சாரி ஸ்டெனோ:
நல்ல கேள்வி. அங்கே மதிப்பைக் குறைப்பது என்ற பொருள்தான். முன்பு 'செல்ஃப் டிப்ரீஷியேட்டிங்' என்றுதான் எழுதினார்கள். இரண்டு சொல்லும் குழம்பி, இப்போது இதுவே நிலைத்துவிட்டது. கணக்கர் தம்பி தடுமாறியதில் தப்பே இல்லை, ஆங்கிலேயர்களே அங்கே தடுமாறியிருக்கிறார்கள்.

ராணிப்பேட்டை கணக்கர்:
ரொம்ப நன்றி ஐயா. முதலாளியிடம் சொல்லிவிட்டேன். 'லாட் நம்பர்தானே, அதை ஆரம்பத்திலேயே ஒழுங்காக எழுதியிருக்கலாமே' என்றார். இன்றைக்கு அனுப்புகிற சாம்பிள் எல்லாவற்றிலும் நானே உட்கார்ந்து நம்பர் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.