புதுப்பிப்பு: ஆன் பானியின் ஓவியத்தை மாற்றி வரைந்துவிட்டேன்

கடற்கொள்ளைக்காரி ஆன் பானியை வரைகிறேன், எந்த உடை பொருந்தும் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். அவிழ்ந்த கூந்தலும் சிவப்புக் கவுனுமாக இருந்த படத்தையும் போட்டிருந்தேன். "வழக்கின் சாட்சியத்தைப் படியுங்கள்" என்று எழுதியவருக்கு மனமார்ந்த நன்றி.

1720 நவம்பரில் ஜமைக்காவில் ஆன் பானியும் அவருடைய கூட்டாளியான கடற்கொள்ளைக்காரி மேரி ரீடும் விசாரிக்கப்பட்டார்கள். அவர்களிடம் சிக்கி மீண்ட டொரோத்தி தாமஸ் சொன்ன சாட்சியம் ஓவியம் போலவே இருக்கிறது: ஆண்களின் மேற்சட்டை, நீளக் கால்சட்டை, தலையைச் சுற்றிக் கட்டிய கைக்குட்டை, கையில் வெட்டுக்கத்தியும் கைத்துப்பாக்கியும். மற்ற வேளைகளில் பெண்ணுடை அணிந்தார்கள் என்றும் சாட்சியம் உண்டு. நான் வரைவது தாக்கும் வேளையை; ஆகவே கவுனை முழுவதும் மறைத்துப் பூசிவிட்டேன்.

தலைத்துணியின் முடிச்சுதான் வரவேயில்லை. ரோஸ்ஹில்லில் இருக்கும் என் பாட்டி இளமையில் கரும்பு வெட்டியவர். "வெயிலிலும் காற்றிலும் நிற்கிறவள் இப்படியா கட்டுவாள், கண்ணு?" என்று தன் தலையிலேயே இறுக்கிக் கட்டிக் காட்டினார். அந்த முடிச்சையே வரைந்தேன்.

ஆன் பானியை நேரில் பார்த்து வரைந்த படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அதனால் பாதி முகத்தை நிழலில் விட்டிருக்கிறேன். வார்னிஷ் காய்ந்ததும் படத்தைப் போடுகிறேன்.