மறு: ‘மீளூட்டக் கூட்டறிகுறி’ பொருந்துமா?

> Refeeding syndrome என்பதற்கு ‘மீளூட்டக் கூட்டறிகுறி’ என்றே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். ‘மீள்’ என்றதும் மீட்சி, உடல் தேறுதல் என்றுதான் மனம் போகும். இந்தக் கோளாறோ, நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு மறுபடி ஊட்டம் கொடுக்கத் தொடங்கி, “அப்பாடா, சாப்பாடு இறங்குது” என்று வீட்டார் மூச்சுவிடும் வேளையில் வருவது.

இரைப்பைப் புற்றால், உணவு குடலுக்கு இறங்கும் வெளிவாய் அடைத்து, மூன்று வாரமாக வாந்தியெடுத்தே மெலிந்தவர் ஒருவர். அறுவைக்கு முன் தெம்பேற்றுகிறோம் என்று குழாய் வழியாகவோ சிரை வழியாகவோ முழு ஊட்டத்தையும் முதல் நாளே கொடுத்தால், மாவுச்சத்தைக் கண்டு இன்சுலின் பெருகும். இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும். ஏற்கெனவே குறைந்துபோன தயமினும் (வைட்டமின் B1) தீரும்; இதயத் துடிப்பு தடுமாறும். 1945இல் பெர்கன்-பெல்சன் நாஜி வதைமுகாமிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர், கொழுத்த உணவு கிடைத்த பிறகு இறந்தார்கள்.

அதனால்தான் 40 கிலோ எடையுள்ளவருக்கு வழக்கமாக நாளுக்கு 1000–1200 கலோரி என்றால், இவருக்கு 400இல் தொடங்கி, 4 முதல் 7 நாளில் மெல்ல ஏற்றுவார்கள். தயமின் அதற்கும் முன்பே உடலுக்குள் போய்விட வேண்டும்.

இதற்கு நம் வீட்டிலேயே ஒரு சொல் உண்டு: பாரணை. ஏகாதசிப் பட்டினியை மறுநாள் அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாக முடிப்பது. பட்டினியை முடிக்கவும் ஒரு பக்குவம் வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘பாரணைக் கோளாறு’ என்கிறேன்.

---

> ‘பாரணைக் கோளாறு’ என்கிறேன்.

ஐயா, கருத்து பிடித்தது, சொல் ஒட்டவில்லை. வடசொல் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஏகாதசி இருக்காத வீட்டில் முதலில் பாரணையை விளக்க வேண்டும், அப்புறம்தான் நோயை. ரமலானில் நோன்பு ‘திறப்பது’ என்கிறோம், அதுவும் கஞ்சியில். அந்த வினையை எடுத்தால் என்ன? ‘பட்டினி முறிப்பு’ம் யோசித்தேன், எலும்பு முறிவுப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். ‘பட்டினித் திறப்புக் கோளாறு’?

---

திறப்பு நன்று, பாரணையை விட்டுவிடுகிறேன். ஒற்றுதான் உறுத்துகிறது. பட்டினியைத் திறத்தல் என்பதில் ‘ஐ’ தொக்கிய இடம், வலி மிகாது. ‘பட்டினி திறப்புக் கோளாறு’ என்று ஏற்றுங்கள். மருத்துவ மாணவர்கள் தேடுவார்கள், ‘மீளூட்டக் கூட்டறிகுறி’யும் இணைச்சொல்லாக இருக்கட்டும்.