‘பேக்கிங் வோக்கல்’ – பக்கக்குரல் எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நான்கு பெண்கள் பாடிய ‘ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ்’ என்ற அமெரிக்கக் குழுவைப் பற்றிய கட்டுரைக்காக, முதன்மைப் பாடகரின் குரலுக்கு ஆதரவாக மற்றவர்கள் பாடும் ‘பேக்கிங் வோக்கல்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு வந்த மடலையும் அதற்கான மறுமொழிகளையும் படித்தேன். பின்னணிக் குரல், குழுக்குரல், பின்பாட்டு என்று மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றை அந்த நால்வர் செய்த வேலையோடும், 1967இல் அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்ட அவர்களுடைய முதல் இசைத்தட்டோடும் பொருத்திப் பார்த்து முடிவு செய்வதே நல்லது.

பின்னணிப் பாடகி என்றால் நம் வாசகருக்குப் பி. சுசீலாதான்: திரையில் நடிகை வாயசைக்க, பாட்டு முழுவதையும் பாடியவர். பின்னணிக் குரல் என்றாலோ டப்பிங் கலைஞர். அமெரிக்கப் பாடகி அரீத்தா பிராங்க்ளினோடு இக்குழுவின் சிஸ்ஸி ஹூஸ்டன் பாடியதை, ‘அரீத்தா பிராங்க்ளினுக்குப் பின்னணி பாடியவர் சிஸ்ஸி ஹூஸ்டன்’ என்று எழுதினால், அரீத்தா வெறுமனே வாயசைத்தார் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். வேறு குறை எதுவும் இல்லாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே அச்சொல்லை விலக்கலாம். குழுக்குரலும் உதவாது; தனியொருவர் இப்பணியைச் செய்தால் அங்கே குழு இல்லை, குழுவே முன்னின்று பாடினால் அது இப்பணியே இல்லை.

பின்பாட்டு அவ்வளவு எளிதில் தள்ளிவிடக்கூடிய சொல்லன்று. தெருக்கூத்திலும் வில்லுப்பாட்டிலும் கதாகாலட்சேபத்திலும் இன்றும் வழங்கும் சொல் அது. அகராதியில் தேடிப் பிடித்ததன்று. ‘பின்பாட்டுப் பாடுகிறான்’ என்ற இளக்காரமான வழக்கைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முன்னவர் பாடியதைப் பின்னவர் வாங்கிப் பாடுவது என்ற பொருள் அச்சொல்லிலேயே ஊறியிருக்கிறது. 1968இல் வெளிவந்த அரீத்தாவின் ‘ஐ சே எ லிட்டில் பிரேயர்’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள் (சிஸ்ஸியின் அக்காள் மகள் டியான் வார்விக் முந்திய ஆண்டே இதைப் பாடிப் புகழ்பெறச் செய்திருந்தார்). அரீத்தா தொடங்கிய வரியைச் சில இடங்களில் ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் குழுவினர் முடித்துவைக்கிறார்கள்; திரும்பத் திரும்ப வரும் பகுதியிலோ மெட்டை இவர்களே சுமந்து செல்ல, அரீத்தா இடையிடையே புகுந்து விடை சொல்கிறார். இதில் யாருக்கு யார் பின்பாட்டு?

அந்த முதல் இசைத்தட்டு இச்சிக்கலை இன்னும் கூர்மையாக்குகிறது. சிஸ்ஸி ஹூஸ்டன், எஸ்டெல் பிரவுன், சில்வியா ஷெம்வெல், மிர்னா ஸ்மித் ஆகிய நால்வரும் தேவாலயப் பாடல்களில் பழகிய குரல்கள். வில்சன் பிக்கெட் முதல் வான் மோரிசன் வரை பலருடைய பதிவுகளில் பெயர் வெளியே தெரியாமல் பாடியவர்கள். தங்கள் பெயரிலேயே இசைத்தட்டு வந்தபோதும் அவர்கள் பழைய வேலையைக் கைவிடவில்லை. ஒருவர் முன்னே வரும்போது, அரீத்தாவுக்குச் செய்ததையே மற்றவர்கள் அவருக்கும் செய்தார்கள். டான் பென்னும் ஸ்பூனர் ஓல்டாமும் எழுத, மெம்ஃபிஸ் நகரின் அமெரிக்கன் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான ‘ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்’ 1968இல் பில்போர்டு இதழின் பாடல் தரவரிசைப் பட்டியலில் 18ஆம் இடம் வரை சென்றது. என் செவிக்கு அதைவிட உயர்ந்தது ‘வொய் (ஆம் ஐ ட்ரீட்டட் சோ பேட்)’. லிட்டில் ராக் நகரில் 1957இல் வெள்ளையர் பள்ளியில் சேர்ந்த ஒன்பது கறுப்பின மாணவர்கள் பட்ட பாட்டைக் கண்டு பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் எழுதிய பாடல் அது. இருந்தும், அரீத்தாவின் அருகிலும் 1969 முதல் எல்விஸின் மேடையிலும் நின்றவர்கள் என்றே இவர்களைப் பலரும் அறிவார்கள். இசைத்தட்டைப் பேசுவோர் குறைவு.

ஆகவே நமக்கு வேண்டியது, தகுதியைச் சுட்டாமல் பாட்டில் அந்நேரத்தில் ஒருவர் செய்யும் பணியைச் சுட்டும் சொல். பக்கவாத்தியம் என்ற சொல்லை ஒட்டிப் ‘பக்கக்குரல்’ என்று முன்மொழிகிறேன். மிருதங்க வித்துவான் பாடகருக்குப் பக்கம் வாசிக்கிறார். அதே கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது அரங்கம் முழுவதும் அவருடையதாகிறது. அதனால் யாரும் அவரை இரண்டாம் நிலைக் கலைஞர் என்று சொல்வதில்லை. பக்கம் பாடுதல், பக்கப்பாடகர் என்று சொல் கிளைத்து வளரவும் இடமிருக்கிறது. துணைக்குரல் என்று ஒருவர் சொல்லக்கூடும். வழித்துணை என்னும்போது அது நல்ல சொல்தான், ஆனால் துணைவேந்தர், துணை ஆட்சியர் என்று அலுவலகம் பக்கம் போனதும் பதவிப் படிநிலை ஒட்டிக்கொள்கிறது. பக்கம் என்றதும் பக்கவாதம் நினைவுக்கு வருகிறதே என்று நகைப்பவர்களுக்கு, தாவரவியலார் பக்கக்கிளை, பக்கவேர் என்று நெடுங்காலமாக எழுதிவருவதைச் சொல்வேன்.

கட்டுரையில் இப்படி எழுதலாம்: ‘பிறருடைய பதிவுகளில் பக்கக்குரல் பாடிவந்த நால்வர், 1967இல் தங்கள் பெயரிலேயே வெளியிட்ட இசைத்தட்டில் முதற்குரலையும் பக்கக்குரலையும் தாமே ஏற்றனர்.’ இவர்கள் பாடிய, கறுப்பின அமெரிக்கரின் தேவாலயப் பாட்டில் வேர்கொண்ட ‘சோல்’ இசையின் பெயரை ஜாஸைப் போல அப்படியே விட்டுவிடலாம். முன்னின்று பாடுபவரின் குரலைக் குறிக்கும் முதற்குரலுக்குப் பதில் தலைக்குரல் என்று வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. குரற்பயிற்சியில் தலையில் அதிர்வதாக உணரப்படும் மேல்ஸ்தாயிக் குரலைக் குறிக்க அச்சொல் தேவைப்படும். மாற்றுக் கருத்துள்ளவர்கள், மேலே தந்த வாக்கியத்தில் தங்கள் சொல்லைப் பொருத்தி எழுதியனுப்பினால் ஒப்பிட எளிதாக இருக்கும்.

அன்புடன்.