ஹென்றி ரென்னி-டெய்லியரை முன்னோடி என்று கொண்டாடலாமா?

மைதானத்தான் எழுதியது:

கால்பந்து முன்னோடிகளைப் பற்றி நாம் இங்கே எழுதிவரும் தொடரின் அடுத்த கட்டுரைக்கு ஹென்றி ரென்னி-டெய்லியரை முன்மொழிகிறேன். 1849இல் மசூரியில் பிறந்து, இங்கிலாந்தில் செல்டனம் கல்லூரியில் படித்து, உலிச் ராணுவக் கழகத்தில் பயிற்சி முடித்து, பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியியல் படையான ராயல் என்ஜினியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தவர் இவர். 1872 பிப்ரவரியில் லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் ஸ்காட்லாந்துக்காக ரக்பி ஆடினார். மறு ஆண்டு மார்ச் 8 அன்று அதே மைதானத்தில் ஸ்காட்லாந்துக்காகக் கால்பந்து ஆடி, அந்நாட்டின் முதல் சர்வதேச கோலை அடித்தார். ரக்பி, கால்பந்து ஆகிய இரு விளையாட்டுகளிலும் ஸ்காட்லாந்துக்காக இறங்கியவர் அவர் ஒருவரே.

இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டங்களில் 1872, 1874, 1875 ஆகிய மூன்று ஆண்டுகள் தம் படைப்பிரிவுக்காக ஆடினார். முதல் இரண்டிலும் தோல்வி. மூன்றாவதில் ஈட்டன் பள்ளி முன்னாள் மாணவர்களின் ஓல்ட் ஈட்டோனியன்ஸ் அணியை மறு ஆட்டத்தில் 2–0 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றிய பதினொருவரில் அவரும் ஒருவர். முதல் ஆட்டம் 1–1 என்று சமனில் முடியக் காரணமான கோலும் அவர் அடித்ததுதான். கென்ட் அணிக்காக முதல்தரக் கிரிக்கெட் ஆடியவர் என்பதோடு, 1880இல் சிவில் சர்வீஸ் அணிக்கு எதிராகத் தம் படைப்பிரிவுக்காக ஆட்டமிழக்காமல் 331 ஓட்டங்களும் எடுத்திருக்கிறார். இத்தனைக்கும் ஒரு காசுகூட வாங்காத அமெச்சூர் வீரர். இப்படி ஒரு வாழ்க்கையைத் தமிழில் யாரும் விரிவாக எழுதாதது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது.

தறிநூல் எழுதியது:

நண்பர் மைதானத்தான் அவர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் "ஒரு காசுகூட வாங்காத" என்ற சொற்றொடரை மறுக்காமல் விட முடியவில்லை. ரென்னி-டெய்லியர் ஆடுவதற்குக் காசு வாங்கவில்லை என்பது உண்மை. வாங்க வேண்டிய தேவை அவருக்கு இருந்ததா என்பதே என் கேள்வி. படைப்பிரிவு சம்பளம் கொடுத்தது, ஆட்ட நாளில் விடுப்பும் கொடுத்தது. அந்த இரண்டும் இல்லாதவர்களுக்கு அதே காலத்தில் என்ன நேர்ந்தது என்பதை அவர் ஆடிய முதல் கோப்பைத் தொடரே காட்டுகிறது.

1872 அரையிறுதியில் கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் அணி லண்டன் வந்து, வாண்டரர்ஸ் அணியுடன் கோலின்றிச் சமன் செய்தது. மறு ஆட்டத்துக்குத் தங்கவோ திரும்பி வரவோ பணமில்லாமல் அந்த அணி விலகிக்கொள்ள, வாண்டரர்ஸ் இறுதிக்குச் சென்று, ராயல் என்ஜினியர்ஸ் அணியை 1–0 என்று வென்று முதல் கோப்பையைத் தூக்கியது. வரலாற்றின் முதல் எஃப்.ஏ. கோப்பையில் யார் இறுதிக்கு வருவார் என்பதை முடிவு செய்தது பயணச் செலவு.

நீங்கள் போற்றும் 1873 சர்வதேச ஆட்டத்திலும் இதே கதைதான். லண்டனுக்கு எட்டுப் பேரை அனுப்பும் அளவுக்கே ஸ்காட்லாந்துத் தரப்பால் பணம் திரட்ட முடிந்தது. எஞ்சிய மூன்று இடங்களைத் தெற்கிலேயே இருந்த ஸ்காட்லாந்து வழியினரைக் கொண்டு நிரப்பினார்கள்: ஆர்தர் கின்னேர்டு, ஜான் பிளாக்பர்ன், ரென்னி-டெய்லியர். கிளாஸ்கோவில் இன்னும் மூவருக்கு ரயில் கட்டணம் கிடைத்திருந்தால் அவர் பெயர் அந்த ஆட்டத்தில் இருந்திருக்குமா என்பதை எண்ணிப் பாருங்கள்.

பழைய ஏடு எழுதியது:

தறிநூல் அவர்கள் சொன்ன செய்திகள் சரியானவை. ஆனால் அவற்றிலிருந்து அவர் செல்லும் முடிவு அவசரமானது. ரயில் கட்டணம் ஒருவரை அணிக்குள் கொண்டுவரலாம், கோல் அடித்துக் கொடுக்காது. இங்கிலாந்து 4–2 என்று வென்ற அந்த ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் கோல்களை அடித்த இருவரில் ஒருவர் செலவில்லாமல் சேர்க்கப்பட்ட இந்த ரென்னி-டெய்லியர்.

ராயல் என்ஜினியர்ஸை மற்றப் படைப்பிரிவுகளோடு ஒன்றாகக் கட்டிப் பேசுவதும் பொருந்தாது. 1871 வரை பிரிட்டிஷ் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரிப் பதவிகள் விலைக்கு வாங்கப்பட்டன. பணம் உள்ளவர் கேப்டன் ஆவார், இல்லாதவர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார். பீரங்கிப் படையிலும் பொறியியல் படையிலும் அந்த முறை ஒருபோதும் இருந்ததில்லை. உலிச்சில் கணிதமும் கோட்டைக் கட்டுமானமும் படித்துத் தேறியவருக்கே அங்கே இடம். பதவி உயர்வு பணிமூப்பின்படி. ஆகவே ரென்னி-டெய்லியர் தம் சீருடையைத் தேர்வெழுதிப் பெற்றவர். இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் அந்த அணி ஆடிய விதத்திலும் இதன் சாயல் இருக்கிறது.

அக்காலக் கால்பந்து என்பது பெரும்பாலும் ஒருவர் பந்தை உருட்டிக்கொண்டு எதிரிகள் நடுவே தனியே ஓடுவதும், பந்து பறிபோனால் பின்னால் வரும் தோழர் அதைப் பிடித்து மீண்டும் அவ்வாறே ஓடுவதும்தான். அதை மாற்றி, முன்கூட்டித் திட்டமிட்டு ஒருவருக்கொருவர் பந்தைக் கடத்தி ஆடும் கூட்டாட்டத்தை ராயல் என்ஜினியர்ஸ் வளர்த்தெடுத்தது. படைப்பிரிவின் முகாம் இருந்த சாத்தமில் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகப் படித்து, ஒன்றாகப் பயிற்சி செய்த இளம் அதிகாரிகள் என்பதால் அவர்களுக்கு அது கைவந்தது. 1873 டிசம்பரில் அவர்கள் ஷெஃபீல்டு, டெர்பி, நாட்டிங்ஹாம் ஆகிய ஊர்களுக்குச் சுற்றுப்பயணம் சென்றார்கள். இங்கிலாந்தின் வட பகுதிகளும் நடுப் பகுதிகளும் அந்த ஆட்டத்தை நேரில் கண்டன. பின்னாளில் ஆலைத் தொழிலாளர் அணிகள் எந்த ஆட்டமுறையால் வென்றனவோ, அதன் விதைகளில் ஒன்று இந்த அதிகாரிகளிடமிருந்தும் போயிருக்கிறது.

அவர்கள் மெத்தனமாக ஆடிய கனவான்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1872 இறுதியில் லெப்டினன்ட் எட்மண்ட் கிரெஸ்வெல்லுக்கு ஆட்டம் தொடங்கிய பத்து நிமிடத்தில் காறை எலும்பு முறிந்தது. மாற்று வீரர் என்ற ஏற்பாடு இல்லாத அந்நாளில், அவர் வெளியேற மறுத்துக் கடைசி வரை களத்தில் நின்றார்.

தறிநூல் எழுதியது:

பழைய ஏடு அவர்களுக்கு நன்றி. உலிச் பற்றிய குறிப்பு உண்மையிலேயே பயனுள்ளது. ஆனால் தேர்வு என்று சொல்லும்போது அந்தத் தேர்வு மண்டபத்துக்குள் யார் அமர முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளையைச் செல்டனம் போன்ற பள்ளிக்கு அனுப்பி, பின்னர் உலிச்சிலும் பெற்றோரே கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலம் அது. பதவியை விலைக்கு விற்கவில்லை; பதவிக்குப் போகும் பாதையை விற்றார்கள்.

இன்னொன்று, இதைத்தான் நான் மிகவும் கனமாகக் கருதுகிறேன். ராயல் என்ஜினியர்ஸ் என்பது அதிகாரிகள் மட்டும் நிறைந்த படை அல்ல. தச்சர், கொல்லர், கல்வேலைக்காரர் என்று கைத்தொழில் தெரிந்த சாதாரணச் சிப்பாய்கள் அதில் பெருந்தொகையாக இருந்தார்கள். கோப்பையை வென்ற பதினொருவரில் அவர்களில் ஒருவரும் இல்லை, அனைவரும் அதிகாரிகள். ஒரே கொடியின் கீழ், ஒரே சாத்தம் முகாமில் இருந்தவர்களிடையேகூடக் கால்பந்தணியின் கதவு ஒரு பக்கத்தாருக்கே திறந்திருந்தது என்றால், "படைப்பிரிவின் அணி" என்று அதை எப்படிச் சொல்வது?

கூட்டாட்டத்தின் பெருமையைப் பொறுத்தவரை, குயின்ஸ் பார்க்கும் ஷெஃபீல்டு அணிகளும் அதே ஆண்டுகளில் பந்தைக் கடத்தி ஆடியதாகக் கூறும் வலுவான தரப்பு இருக்கிறது. முதலில் செய்தவர் யார் என்ற வழக்கில் ராயல் என்ஜினியர்ஸை மட்டும் முன்னிறுத்துவதற்கு, அவர்களது ஆட்டங்கள் லண்டன் பத்திரிகைகளின் கண்ணெதிரே நடந்தன என்பதும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

1883 இறுதியை மறந்துவிட வேண்டாம். நெசவாளரும் நூற்பாலைத் தொழிலாளியும் குழாய் வேலைக்காரரும் இரும்பு வார்ப்படத் தொழிலாளியும் ஆடிய பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, ஓல்ட் ஈட்டோனியன்ஸ் அணியைக் கூடுதல் நேரத்தில் 2–1 என்று வென்றது. உள்ளூர் இரும்பாலை முதலாளி ஒருவர் கொடுத்த பணத்தில் ஆட்டத்துக்கு முன் கடற்கரை ஊரான பிளாக்பூலுக்குச் சென்று பயிற்சி எடுத்துக்கொண்டது அந்த அணி. பணமும் பயிற்சி நேரமும் கிடைத்ததும் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1885 ஜூலையில் தொழில்முறை ஆட்டத்துக்கு அனுமதி கிடைத்த பிறகு எந்த அமெச்சூர் அணியும் அந்தக் கோப்பையை வெல்லவில்லை. அமெச்சூர் பொற்காலம் என்பது போட்டியாளர்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த காலம்.

குன்னூர்வாசி எழுதியது:

இருவரும் வேறு திசையில் செல்வதால் ஒரு செய்தியை இடையே வைக்கிறேன். 1873 ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் முதல் கோலை அடித்தவர் மசூரியில் பிறந்தவர். அதே ஆட்டத்தில், தொடங்கிய ஓரிரு நிமிடங்களிலேயே, சர்வதேசக் கால்பந்தின் முதல் கோலை இங்கிலாந்துக்காக அடித்தவர் வில்லியம் கென்யன்-ஸ்லேனி. அவர் ராஜ்கோட்டில் பிறந்தவர். 1872 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த முதல் ஆட்டம் கோலின்றி முடிந்ததால் அந்தப் பெருமை அவருக்குக் கிடைத்தது. அவரும் படை அதிகாரிதான்: கிரெனடியர் கார்ட்ஸ். 1882இல் எகிப்தில் தெல்-எல்-கெபீர் போரில் பங்கேற்று, பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராக 1908இல் இறக்கும்வரை இருந்தார். இரு நாடுகளின் முதல் கோல்களும் இந்திய மண்ணில் பிறந்த இரு ராணுவ அதிகாரிகளின் கால்களிலிருந்து வந்தன என்பதை நம் வாசகர்கள் அறிய வேண்டும். நம் நாட்டின் கால்பந்து வரலாற்றில் இவர்களுக்கு ஓர் ஓரமாவது உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

பழைய ஏடு எழுதியது:

குன்னூர்வாசி அவர்களே, செய்தி அருமையானது. உரிமை கோருவதை மட்டும் ஏற்க இயலாது. இருவரும் இங்கே பிறந்ததற்கு ஒரே காரணம், அவர்கள் குடும்பங்கள் அப்போது ஆளும் தரப்பின் பணியில் இங்கே இருந்தன. பள்ளிப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்றுவிட்டார்கள், பந்தை உதைக்கக் கற்றதும் அங்கேதான்.

இந்தியக் கால்பந்தின் ராணுவத் தொடர்பைப் பேச வேண்டுமானால் வேறு இடத்தில் தொடங்கலாம். 1888இல் சிம்லாவில் மார்ட்டிமர் டியூராண்டு தொடங்கிய கோப்பை முதலில் இங்கிருந்த பிரிட்டிஷ் படைகளுக்காகவே நடத்தப்பட்டது. 1892இல் கல்கத்தாவின் சோவாபஜார் கழகம் டிரேட்ஸ் கோப்பையில் கிழக்கு சரே படைப்பிரிவை வென்றது. 1911 ஜூலை 29 அன்று, ஒருவர் நீங்கலாக வெறுங்காலோடு ஆடிய கல்கத்தாவின் மோகன் பகான், கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2–1 என்று வீழ்த்தி இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் (ஐ.எஃப்.ஏ.) கேடயத்தை வென்றது. நம் வரலாறு அந்த அதிகாரிகளின் அணிகளுக்கு எதிரே நின்றவர்களின் வரலாறு. ரென்னி-டெய்லியரை நான் போற்றுவது ஸ்காட்லாந்துக்காரராக.

குன்னூர்வாசி எழுதியது:

ஏற்கிறேன், ஆனால் எதிரே நின்றவர்கள் மட்டுமல்ல, அந்த மரபைப் பின்னர் கையில் எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள வெலிங்டனிலிருக்கும் மெட்ராஸ் படைப்பிரிவுப் பயிற்சி மையமான மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955இலும் 1958இலும் அதே டியூராண்டு கோப்பையை வென்றது. அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியிலும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். முன்கள வீரராகத் தொடங்கிக் கோல் காவலுக்கு வந்தவர் அவர். தறிநூல் கேட்ட கேள்விக்கு, அதாவது அதிகாரியல்லாத சிப்பாய் எப்போது அணிக்குள் வந்தார் என்ற கேள்விக்கு, நம் பக்கத்து விடை அங்கே இருக்கிறது. ரென்னி-டெய்லியருக்குப் பின் அவரைப் பற்றியும் தொடரில் எழுதுங்கள்.

மைதானத்தான் எழுதியது:

தங்கராஜைப் பற்றிய கட்டுரையை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன்.

தறிநூல் அவர்களுக்கு என் விடை இது. குயின்ஸ் பார்க் விலகிய அரையிறுதியும், எட்டுப் பேருக்கான பயணச் செலவும் கட்டுரையில் இடம்பெறும். அவை இல்லாமல் அந்த ஆண்டுகளை எழுதுவது நேர்மையாகாது. ஆனால் "வாய்ப்பு இருந்தது, ஆகவே சாதனை இல்லை" என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். அதே வாய்ப்பு பெற்ற இளம் அதிகாரிகள் அந்தத் தலைமுறையில் பல நூறு பேர் இருந்தார்கள். ரக்பியிலும் கால்பந்திலும் நாட்டுக்காக ஆடி, கோப்பை இறுதியில் கோல் அடித்து, ஒரே ஆட்டத்தில் 331 ஓட்டங்கள் எடுத்தவர் அவர்களில் ஒருவர்தான். படைப் பணியில் கர்னல் நிலைக்கு உயர்ந்து, அதன் பின் டப்ளினில் கின்னஸ் மதுவாலையின் மேலாண்மைப் பொறுப்பையும் ஏற்றவர். 1920இல் ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் அருகே இறக்கும்வரை அவர் எடுத்துக்கொண்ட எந்த வேலையையும் அரைமனதோடு செய்ததாகத் தெரியவில்லை.

தறிநூல் எழுதியது:

சாதனை இல்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை. அவர் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. "முன்னோடி" என்றால் பின்னே வருபவருக்கு வழி திறந்தவர் என்று பொருள் கொள்கிறேன். அவர் இருந்த அமைப்பு வழியை மூடி வைத்திருந்தது. ராயல் என்ஜினியர்ஸின் அணித்தலைவராக இருந்த பிரான்சிஸ் மாரிண்டின் 1874 முதல் 1890 வரை கால்பந்துச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். தொழில்முறை ஆட்டத்தை விரும்பாதவர்களில் அவரும் ஒருவர். ஆகவே கட்டுரையின் தலைப்பில் "முன்னோடி" வேண்டாம், "ஸ்காட்லாந்தின் முதல் கோலை அடித்தவர்" என்று இருக்கட்டும். அது முழு உண்மை, அவருக்குக் குறைவும் இல்லை.

பழைய ஏடு எழுதியது:

தலைப்பைப் பற்றி என் வாக்கு மைதானத்தானுக்கே. மாரிண்டினின் கொள்கைக்கு ரென்னி-டெய்லியர் பொறுப்பல்லர். அவர் பொறுப்பேற்க வேண்டியது களத்தில் ஆடிய ஆட்டத்துக்கு, அந்த ஆட்டம் வழி திறந்தது என்பதே என் கருத்து. 1873 சுற்றுப்பயணத்தைப் பற்றித் தனிப் பத்தி ஒன்றை நான் எழுதித் தருகிறேன். குயின்ஸ் பார்க் பத்தியைத் தறிநூல் அவர்களே எழுதினால் நன்றாக இருக்கும்.