சாரின் தாக்குதலில் பிழைத்தவர்களிடம் நரம்புப் பாதிப்பு நீடிப்பது ஏன்?

கேள்வி:
1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழுவினர் சாரின் என்னும் நரம்பு நச்சைப் பரப்பியதில் உயிர் பிழைத்தவர்கள் பலர், பல ஆண்டுகள் கழித்தும் கண் சோர்வு, மறதி, கைகால் மரத்துப்போதல் ஆகியவற்றால் அவதிப்பட்டதாகப் படித்தேன். சாரின் முடக்கும் கோலினெஸ்டரேஸ் நொதியோ சில மாதங்களில் இரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. அப்படியானால் எஞ்சியிருப்பது நரம்பின் கோளாறா, மன அதிர்ச்சியா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
இரத்தப் பரிசோதனை இயல்பாக இருப்பதை வைத்து மூளை நலமாக இருக்கிறது என்று முடிவுகட்ட இயலாது. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்களில் புதுப்பிக்கப்படுவதால் அவற்றிலுள்ள நொதியும் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் நொதி முடங்கியதால், அது சிதைக்க வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தி கடத்தும் பொருள் கட்டுக்கடங்காமல் பெருகி, வலிப்பும் மூச்சுத்தடையும் ஏற்பட்ட நேரத்தில் இறந்துபோன நரம்பணுக்கள் அவ்வாறு திரும்புவதில்லை. முடங்கிய நொதியை மீட்கும் பிராலிடாக்சிம் மருந்தும், நொதியுடன் சாரின் இறுகிப் பிணைவதற்கு முன்னர், அதாவது சுமார் 5 மணி நேரத்திற்குள், கொடுக்கப்பட்டால்தான் முழுப்பயன் தரும்.

டோக்கியோவில் பாதிக்கப்பட்ட 18 பேரை 6 முதல் 8 மாதங்களுக்குப் பின் சோதித்தபோது, மூளை மின்பதிவில் சில எதிர்வினைகள் தாமதமாகவே தோன்றின. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து 38 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்த ஆய்வில், மூளையில் உடல் உணர்வுகளை அறியும் இன்சுலா, நினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் ஆகிய பகுதிகளின் கன அளவு குறைந்திருந்தது. தாக்குதலை அடுத்து நொதி மிகவும் சரிந்தவர்களிடம் இன்சுலாவை ஒட்டிய வெண்பொருளும் (நரம்பிழைகள் நிறைந்த திசு) அதற்கேற்பக் குறைந்திருந்தது. வெறும் மனக்கலக்கம் என்று இவர்களைத் திருப்பி அனுப்புவது பெரும் அநீதி என்பேன்.

பதில் 2:
முன்னவர் கூறியதை ஏற்கிறேன். ஆயினும் அதிர்ச்சியை ஒதுக்கிவிட வேண்டாம். அதே தாக்குதலில் பிழைத்தவர்களுள், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் உள்ள 9 பேரை அந்நோய் இல்லாத 16 பேருடன் ஒப்பிட்ட 2003ஆம் ஆண்டின் ஆய்வு, நோயுற்றவர்களிடம் மூளையில் உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த உதவும் முன் சிங்குலேட் பகுதியின் சாம்பல்பொருள் (நரம்பணுக்கள் நிறைந்த திசு) குறைந்திருப்பதைக் காட்டியது. நரம்புக் கோளாறு, மன அதிர்ச்சி இரண்டும் ஒரே உடலில் சேர்ந்தே இருக்கக்கூடும் என்பதால், மனநலச் சிகிச்சை பெறுகிறவருக்கு நரம்பியல் பரிசோதனை தேவையில்லை என்று கருதுவது பிழை.

பதில் 3:
ஒரே அளவு நச்சை முகர்ந்தவர்களும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை என்பதையும் சேர்க்க விரும்புகிறேன். சாரினைச் சிதைக்கும் பாராக்சனேஸ் நொதியின் மரபணு வகை ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. 1991 வளைகுடாப் போரை அடுத்து ஈராக்கின் கமீசியா ஆயுதக் கிடங்கு தகர்க்கப்பட்டபோது சாரின் காற்றில் கலந்தது. அந்தப் போரில் பணியாற்றிய அமெரிக்க வீரர்களிடம் 2022இல் வெளியான ஆய்வு இம்மரபணுவைச் சோதித்து, சாரினைச் சிதைக்கும் திறன் குறைந்த வகையை உடையவர்களிடம் நச்சுக்கு ஆட்பட்டதற்கும், அவ்வீரர்களிடம் நீடித்த ‘வளைகுடாப் போர் நோய்’க்கும் உள்ள தொடர்பு வலுவாக இருப்பதாகக் கண்டது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இரத்தத்திலுள்ள நொதி அளவை மட்டும் பார்த்து நான் எழுப்பிய கேள்விக்கு, நரம்பியல் பரிசோதனையும் தேவை என்ற விடை கிடைத்திருப்பதாகப் புரிந்துகொள்கிறேன்.