நியூ ஹாம்ப்ஷயர், 1820: அந்த ஒற்றை ஓட்டு வாஷிங்டனுக்காகவா?

பழையபஞ்சாங்கம்:
வேறொரு திரியில் வெள்ளிமீன் எழுதியது இது: "1820 அமெரிக்க அதிபர் தேர்தலில் அப்போதைய அதிபர் ஜேம்ஸ் மன்ரோவை எதிர்த்து ஆளே இல்லை. எல்லா எலெக்டர்களின் (அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலமும் நியமிக்கும் வாக்காளர்கள்) ஓட்டும் பெற்ற பெருமை வாஷிங்டனுக்கு மட்டுமே இருக்கட்டும் என்றுதான் நியூ ஹாம்ப்ஷயரின் வில்லியம் பிளம்மர் தன் ஓட்டை ஜான் குவின்சி ஆடம்ஸுக்குப் போட்டார்." இந்தக் கதையை இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப் போகிறீர்கள்? நியூ ஹாம்ப்ஷயருக்கு 8 எலெக்டர்கள். 7 பேர் மன்ரோவுக்கு, பிளம்மர் மட்டும் ஆடம்ஸுக்கு. சரி. அதே நாளில் துணை அதிபருக்கும் ஓட்டுப் போட்டார்களே? அதில் மன்ரோவின் துணை அதிபர் டாம்ப்கின்ஸையும் விட்டுவிட்டு ரிச்சர்ட் ரஷ்ஷுக்குப் போட்டார். அது யார் பெருமையைக் காக்க?

வெள்ளிமீன்:
வணக்கம் ஐயா. என் பெயரைப் போட்டே திரி திறந்ததற்கு நன்றி. நான் படித்த பள்ளிப் பாடத்திலிருந்து வினாடி வினா வரை எல்லா இடத்திலும் இப்படித்தான் இருக்கிறது. எல்லோரும் முட்டாள், நீங்கள் ஒருவர் மட்டும் அறிவாளி, அப்படித்தானே? 235 எலெக்டர்களில் 3 பேர் இறந்துவிட்டார்கள். மீதி 232இல் 231 மன்ரோவுக்கு. அந்த ஒன்று தற்செயலாகவா விழுந்தது?

பழையபஞ்சாங்கம்:
தற்செயல் என்று நான் எங்கே சொன்னேன்? மன்ரோ சரியாக ஆளவில்லை என்று பிளம்மர் தன் மகனுக்கே கடிதம் எழுதியிருக்கிறார். 1819இல் வங்கிகள் விழுந்து ஊரே தத்தளித்தது, அரசின் செலவோ குறையவில்லை. அதுதான் அவருடைய கோபம். மகன் அப்போது காங்கிரஸ் உறுப்பினர், விளையாட்டுப் பிள்ளை அல்ல. இன்னொன்று: எலெக்டர்கள் அவரவர் மாநிலத்தில் ஒரே நாளில் கூடி ஓட்டுப் போடுகிறார்கள். மற்ற மாநிலங்களில் என்ன விழுந்தது என்று நியூ ஹாம்ப்ஷயர் தலைநகர் கான்கார்டில் உட்கார்ந்திருந்தவருக்கு எப்படித் தெரியும்? தந்தி கூடக் கிடையாது. திரும்பக் கேட்கிறேன், டாம்ப்கின்ஸ்?

கரிசல்காற்று:
எதிர்த்து ஆளே நிற்காதபோது மற்றவர்கள் யாருக்குப் போடுவார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே அண்ணே. இதற்குத் தந்தி வேறு வேண்டுமா?

அப்புறம் அந்த 231 என்பதே தகராறு. மிசௌரியின் 3 ஓட்டை எண்ணலாமா கூடாதா என்று 1821 பிப்ரவரியில் காங்கிரஸில் பெரிய கூச்சல். சேர்த்தால் 231, சேர்க்காவிட்டால் 228, எப்படியும் மன்ரோதான் என்று இரண்டு கணக்கையும் வாசித்துவிட்டு எழுந்து போனார்கள். மிசௌரி முறைப்படி மாநிலமானதே அந்த ஆகஸ்டில்தான்.

வெள்ளிமீன்:
பாருங்கள், பஞ்சாங்கம் ஐயா மிசௌரியைப் பற்றி மூச்சே விடவில்லை.

பழையபஞ்சாங்கம்:
231 என்று எழுதியது நீங்கள், தம்பி. மேலே போய்ப் படியுங்கள். மிசௌரி வேறு திரி. போன மாதம் அங்கேயும் பதில் சொல்லாமல் ஓடினீர்கள். எனக்கு டாம்ப்கின்ஸுக்குப் பதில் வேண்டும். நியூயார்க் கவர்னராக 1812 போருக்குத் தன் பெயரில் கடன் வாங்கி, கணக்கு ஒப்படைக்க முடியாமல் திண்டாடி, குடியில் மூழ்கியவர். துணை அதிபராக இருந்துகொண்டே 1820இல் நியூயார்க் கவர்னர் பதவிக்கு நின்று டிவிட் கிளின்டனிடம் தோற்றார். பக்கத்து மாசசூசெட்ஸில் 15 பேரும் மன்ரோவுக்குப் போட்டார்கள், ஆனால் அதில் 8 பேர் துணை அதிபருக்கு ரிச்சர்ட் ஸ்டாக்டனை எழுதினார்கள். இதெல்லாம் வாஷிங்டன் மேல் பக்தியா?

சும்மாவந்தவன்:
அந்த 15 பேரில் ஒருவர் கிழவர் ஜான் ஆடம்ஸ், ஜான் குவின்சியின் அப்பா. அப்பா மன்ரோவுக்குப் போடுகிறார், பிளம்மரோ அந்த ஆடம்ஸின் மகனுக்குப் போடுகிறார். சண்டையை விடுங்கள், இதுதான் எனக்குப் பிடித்தது.

வெள்ளிமீன்:
பிளம்மர் முதலில் ஃபெடரலிஸ்ட் கட்சி செனட்டர். வாஷிங்டனைக் கும்பிட்ட கூட்டம் அது. அந்தப் பழைய பாசம் எங்கே போகும்?

பழையபஞ்சாங்கம்:
பாசமா! 1804இல் நியூ இங்கிலாந்தை (அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களை) தனியாகப் பிரித்துக்கொண்டு போகலாம் என்று பேசிய கூட்டத்தில் இருந்தவர் இதே பிளம்மர். வாஷிங்டன் கட்டிய வீட்டில் பாகம் கேட்டவர் அவர் பெருமையைக் காக்கிறாராம். அப்புறம் கட்சி மாறி, மன்ரோவின் கட்சியிலேயே சேர்ந்து கவர்னரும் ஆனார்.

கரிசல்காற்று:
வாஷிங்டனுக்கே 1789இல் நியூயார்க் ஓட்டுப் போடவில்லை. சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் முட்டிக்கொண்டதில் எலெக்டர்களே போகவில்லை. வட கரோலினாவும் ரோட் ஐலண்டும் அரசியல் சாசனத்தையே ஏற்றிருக்கவில்லை. வந்த 69 பேரும் போட்டார்கள், அவ்வளவுதான். இதில் என்ன காப்பாற்ற வேண்டிய பெருமை?

வெள்ளிமீன்:
1792இல் 132க்கு 132. அதைச் சொல்ல வாய் வரவில்லை பாருங்கள். ஆளுக்கொரு துண்டைப் பிடித்துக்கொண்டு என்னை மடக்கப் பார்க்கிறீர்கள். மனதுக்குள் என்ன நினைத்தார் என்று பிளம்மரிடம் போய்க் கேட்டீர்களா?

பழையபஞ்சாங்கம்:
கேட்க வேண்டியதில்லை, அவரே எழுதி வைத்திருக்கிறார். கடிதம் என்று முதலிலேயே சொன்னேன். நீங்கள் பாடப்புத்தகம் என்கிறீர்கள். டாம்ப்கின்ஸ்?

சும்மாவந்தவன்:
டார்ட்மவுத் கல்லூரியை அரசுக் கையில் எடுக்கப் பார்த்து 1819இல் உச்ச நீதிமன்றத்தில் அடி வாங்கியதும் இதே பிளம்மர் ஆட்சியின் சட்டம்தானே?

வெள்ளிமீன்:
ஆமாம்! கல்லூரிக்காக வாதாடி ஜெயித்தவர் டேனியல் வெப்ஸ்டர். அப்படியென்றால் அந்த ஓட்டே கடுப்பில் போட்டதாக இருக்கலாம்.

பழையபஞ்சாங்கம்:
அந்த வழக்கில் மன்ரோ எங்கே வந்தார்? வாஷிங்டனை விட்டுவிட்டு இப்போது வெப்ஸ்டரைப் பிடித்துக்கொண்டீர்கள். நாளைக்கு யார், ஃபிராங்க்ளினா?

வெள்ளிமீன்:
நாளைக்கு மிசௌரித் திரிக்கு வாருங்கள் ஐயா. அங்கே நீங்கள் போட்ட தேதி தப்பு.